ஆடா, புலியா?

வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிப்பது என்பது சொல்லுவதற்குச் சுலபம். மாலையில் எல்லோரும் மகா உற்சாகமாக இருப்பார்கள். பத்து மணிக்கு முதல் கொட்டாவி வரும். பதினொன்றுக்கு, "கண்ணைத்தான் மூடிக்கொண்டிருக்கிறேன், தூங்கவில்லை" என்று பெரியவர்கள் சாதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்தச் சங்கடத்தை நம் முன்னோர்கள் நன்கு அறிந்தே இருந்திருக்கவேண்டும். அதனால்தான் அந்த இரவுக்கென்றே ஒரு விளையாட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. கீழே அத்தானின் வாழைக்காய் மண்டி, மாடியில் குடித்தனம், அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை. அன்று விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் ஸ்ரீரங்கம் போய், கூட்டத்தில் நசுங்கி, சொர்க்கவாசலைக் கடந்து, புண்ணியத்தோடும் கால்வலியோடும் திரும்பியிருந்தோம். இரவு கூடத்தில் அக்காவும் அண்டை வீட்டு அம்மாள் இருவரும் பரமபத சோபான படத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மொட்டை மாடி அறையில் என் மருமகன் வேறொரு விளையாட்டில் உட்கார்ந்திருந்தான். அது ஏகாதசி, துவாதசி எதுவும் பார்க்காமல் தினமும் இரவு நடக்கிற விளையாட்டு.

"நீ போய் அவனிடம் பேசேன்" என்றாள் அக்கா. "படிப்பு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. மண்டியிலே உட்காருங்கறார் இவர். உட்காரவும் மாட்டேங்கறான், வேறே எங்கேயும் போகவும் மாட்டேங்கறான். ராத்திரி பூரா அந்தப் பெட்டி முன்னாலேயே இருக்கான். நீ சொன்னா கேப்பான்."

என்னைப் போய்ச் சொல்லச் சொன்னாளே, அதுதான் வேடிக்கை! இதே மார்க்கெட்டில் எங்கள் அப்பாவின் கல்லாவில் ஏழு மாதம் உட்கார்ந்துவிட்டுக் கதை எழுதுகிறேன் என்று ஓடிப்போனவன் நான். இருந்தாலும் உடன்பிறந்தவள் சொல்லைத் தட்ட முடியுமா? மாடிப்படி ஏறினேன். ஏறும்போது கீழே அக்காவின் காய் பெரிய பாம்பின் வாயில் விழுந்து, மேல் வரிசையிலிருந்து அடிமட்டத்துக்குச் சறுக்கியது. மூன்று பெண்மணிகளும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? பரமபதத்தில் ஆடுகிறவருக்கு ஒரு வேலையும் கிடையாது. தாயக்கட்டை சொன்னபடி நகர வேண்டியதுதான். ஏணியும் பாம்பும் விதி விட்ட வழி. அந்த விளையாட்டின் தத்துவமே அதுதான் என்பார்கள்.

ஆனால் நம் ஊரில் எல்லா விளையாட்டும் அப்படி அல்ல. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்பது ஆடுகிறவர் இஷ்டம். சிலர் ஒரே காயை ஓட்டிக்கொண்டு பழத்துக்குப் பறப்பார்கள். சிலர் மலையில் ஏறி உட்கார்ந்து கீழே போகிறவனை வெட்டக் காத்திருப்பார்கள். ஆடுபுலி ஆட்டமோ இன்னும் ஒரு படி மேல். அதில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: நீ ஆடா, புலியா? புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. இரண்டுக்கும் பலம் வேறு, வழி வேறு, வெற்றி என்பதன் அர்த்தமே வேறு. புலி தாவித் தின்றால் வெற்றி. ஆடுகள் கூடி அடைத்து நின்றால் வெற்றி. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் தரையை உற்றுப் பார்த்தால் இந்தக் கட்டங்களைக் கல்லில் கீறி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். யார் கீறினார்களோ, எந்த நூற்றாண்டின் மத்தியானமோ! எங்கள் அப்பா எப்போதும் ஆடுதான் எடுப்பார். மார்க்கெட்டில் அவரைப் புலி என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு இன்றுவரை அது புரியாத விஷயம்.

மருமகன் ஆடிக்கொண்டிருந்தது 'ஸ்கைரிம்' என்ற ஆட்டம். 2011-ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளிவந்தது. திரையில் பனிமலை, காடு, ஆறு, கோட்டை. எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடக்கலாம். 'இப்படிப் போ' என்று ஒரு கதை உண்டு. ஆனால் போகாவிட்டால் கேட்பார் இல்லை. வாளெடுத்து வீரனாகலாம், மந்திரம் கற்கலாம், திருடலாம், மூலிகை பறித்து மருந்து காய்ச்சலாம், விறகு வெட்டி விற்றுப் பிழைக்கலாம். உபதேசம் செய்யப் போன நான் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இத்தனை சுதந்திரத்தை ஆடுகிறவனுக்கு யார், எப்போது கொடுத்தார்கள் என்பதில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தனி அக்கறை உண்டு. நாங்கள் எங்கள் பாத்திரங்களுக்குக் கொடுப்பதே இல்லையே! அந்த இரவில் அவன் சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததுமாகச் சேர்ந்ததுதான் இந்தச் சரித்திரம்.

சரித்திரம் ஒரு சேனையில் ஆரம்பிக்கிறது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1824-ல் ஒரு யுத்த விளையாட்டுக்கு விதிகள் அச்சிட்டார். வரைபடத்தின்மேல் துருப்புக்களை நகர்த்தி அதிகாரிகள் யுத்தம் பழகவேண்டும். நடுவில் ஒரு மத்தியஸ்தர் இருந்து தீர்ப்புச் சொல்லவேண்டும். இந்த வம்சத்து விளையாட்டுக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காகவே பரவின. 1969-ல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் பக்கத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அதில் ஒரு மாறுதல் செய்து பார்த்தார். 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஊர். இரண்டு சேனைகள் அதை நெருங்குகின்றன. சேனைத் தலைவர்களைத் தவிர, வந்திருந்த மற்றவர்களுக்கும் ஊர்ப் பெரிய மனிதர்கள், மாணவர்கள் என்று ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார்.

யுத்தம் நடக்கவே இல்லை! ஆடவந்தவர்கள் அவரவர் வேஷத்தில் மூலைக்கு மூலை ரகசியம் பேசினார்கள், சூழ்ச்சி செய்தார்கள், இரண்டு பேர் தனிச் சண்டைக்கு நாள் குறித்துக்கொண்டு, அதற்கு என்ன விதி என்று கேட்டு வந்து நின்றார்கள். விதி எதுவும் இல்லை. ஆட்டம் பாழாய்ப் போயிற்று என்று வெஸ்லி வருத்தத்தோடு வீடு திரும்பினார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று நச்சரித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கள்ளிக்குடி ஞாபகம் வந்தது. காந்தி மார்க்கெட்டின் நெரிசல் தாங்காமல் அரசாங்கத்தார் மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் புதிதாக ஒரு பெரிய மார்க்கெட்டைக் கட்டி 2017-ல் திறந்து வைத்தார்கள். வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். கட்டினவர்கள் போட்ட கணக்கு ஒன்று, ஆடுகிறவர்கள் போட்ட கணக்கு வேறொன்று. அது சரியா தவறா என்ற விவகாரத்துக்குள் நான் நுழையவில்லை. அத்தான் இந்தக் கட்டுரையைப் படிப்பார்.

வெஸ்லியின் ஆட்டத்துக்கு வந்தவர்களில் டேவ் ஆர்னஸன் என்பவர் ஒருவர். பின்னொரு தடவை களம் ஒரு தென் அமெரிக்கக் குட்டிக் குடியரசு. ஆர்னஸனுக்குக் கிடைத்தது துண்டுப் பிரசுரம் கொடுக்கும் சாது புரட்சிக்காரன் வேஷம். அவரோ தாம் உண்மையில் வல்லரசு ஒன்றின் ஒற்றன் என்று மற்றவர்களையெல்லாம் நம்ப வைத்து, கஜானாவையும் கைப்பற்றி, ஹெலிகாப்டரில் ஏறிப் போகும்போது, தம் பிரசுரங்களை மேலேயிருந்து ஊர்மேல் கொட்டிவிட்டுப் போனார் என்று சொல்லுவார்கள். கொடுத்த வேலையையும் செய்தாயிற்று!

இந்த ஆர்னஸனும் காரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதி. இன்றைய வேஷமாடும் விளையாட்டுக்கள் அத்தனைக்கும் அதுதான் பாட்டனார். அதில் மூன்றே வகை மனிதர்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. மறு வருஷமே திருடனும் வந்து சேர்ந்தான். ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட்டாகவேண்டும். மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. பூசாரி வாளைத் தொடக்கூடாது. புலி புல் தின்னக்கூடாது என்பதுபோல.

பிறகு இது கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள், பலர் ஒரே சமயத்தில் உலாவக்கூடிய ஓர் உலகத்தை 1978-ல் தொடங்கி உண்டாக்கினார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். பின்னால் 1996-ல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே உலகத்துக்குள் வருகிறவர்கள் நாலு விதமான காரியங்களுக்காக வருகிறார்கள் என்று கண்டு, சீட்டுக்கட்டின் நாலு ஜாதியைப் பெயராக வைத்தார். புள்ளி சேர்ப்பதே குறியாக இருப்பவர்கள் டைமண்ட். மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்ப்பவர்கள் ஸ்பேட். அரட்டைக்காக வருகிறவர்கள் ஹார்ட்டீன். பிறரைச் சீண்டி அழவைப்பதற்கென்றே வருகிறவர்கள் கிளாவர்.

இதைக் கண்டுபிடிக்க எஸ்ஸெக்ஸ் வரை போயிருக்கவேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்குக் காந்தி மார்க்கெட்டில் நின்றால் போதும். இத்தனை லோடு வந்தது, இத்தனை கமிஷன் நின்றது என்று நோட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காத டைமண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் வாங்காமல், எந்தச் சந்து எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கிற ஸ்பேட் நான். டீக்கடை பெஞ்சில் நாலு மணி நேரமாக ஒரே டம்ளரைக் கையில் வைத்திருக்கிறவர் ஹார்ட்டீன். கிளாவர்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. கடன் கொடுத்தவர்களும் அதில் சேர்த்தி. பார்ட்டில் இன்னொன்றும் சொல்லுகிறார்: கிளாவர்கள் பெருகினால் ஹார்ட்டீன்கள் காணாமல் போய்விடுவார்கள். டீக்கடை காலியாகிவிடும்.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. ரிச்சர்ட் கேரியட் என்பவர் 'அல்டிமா' என்ற பெயரில் ஒரு வரிசை ஆட்டங்களை 1981 முதல் செய்து வந்தார். மூன்று ஆட்டங்கள் வந்தபின் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஜனங்கள் அவருடைய உலகத்தில் கொன்றும் திருடியும் கடைசியில் வெற்றியும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்களிடமிருந்து கண்டனக் கடிதங்களும் வந்தன. 1985-ல் வெளிவந்த நாலாவது ஆட்டத்தில் வில்லனே கிடையாது. ஆடுகிறவன் எட்டுக் குணங்களில் தேறி 'அவதார்' ஆகவேண்டும். ஆமாம், நம்முடைய அவதாரம்தான். சொல்லை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் ஒரு குறிகாரி வருகிறாள். இரண்டு நல்ல குணங்கள் மோதுகிற இக்கட்டுக்களாகச் சொல்லிச் சொல்லிக் கேட்கிறாள்: நேர்மையா, இரக்கமா? நீதியா, தியாகமா? நம் பதில்களைக் கொண்டு நாம் யார் என்று அவளே முடிவு கட்டுகிறாள். வீரத்தை நம்பினவன் போர்வீரன். இரக்கத்தை நம்பினவன் பாணன். பணிவை நம்பினவன் ஆட்டிடையன். எட்டு வேஷத்திலும் எளிய வேஷம்.

இதெல்லாம் பெரிதல்ல. அந்த உலகத்தில் மந்திரம் போட மூலிகை வேண்டும்: பூண்டு, கந்தகச் சாம்பல், சிலந்தி நூல் இப்படி. அவற்றை விற்கிற பெண்களுக்குக் கண் பார்வை கிடையாது. விலையைச் சொல்லிவிட்டுக் காசை நம்மையே எண்ணிப் போடச் சொல்லுகிறார்கள். நாம் குறைத்துப் போடலாம். போட்டால் ஒன்றுமே நடக்காது! மணி அடிக்காது, சேவகன் ஓடிவர மாட்டான், சரக்கும் கைக்கு வந்துவிடும். எங்கேயோ உள்ளே ஒரு கணக்கில் மட்டும் நேர்மை குறைகிறது. அதை அவன் வெகுகாலம் கழித்து, அரசன் கோட்டையில் இருக்கும் ஞானியிடம் போய்த் தன் நிலைமையைக் கேட்கும்போதுதான் அறிவான்.

மருமகன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்றேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. மார்க்கெட் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் சாக்கை விரித்துச் சுக்கு, திப்பிலி, வசம்பு, சித்தரத்தை விற்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கண் தெரியாது. அப்பா ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சுக்கும் திப்பிலியும் வாங்கிவரச் சொன்னார். என் சட்டைப் பையில் என்னுடைய சொந்த இரண்டு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. பெரியவர் கையில் அதை வைத்தேன். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நோட்டைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். இன்னொரு தடவை தடவினார். பிறகு, "அப்பா சௌக்கியமா தம்பி?" என்று கேட்டார். பொட்டலத்தை மடித்துக் கொடுத்தார்.

மிச்சப்பட்ட மூன்று ரூபாயில் பழைய புத்தகக் கடையில் ஒரு கதைப் புத்தகம் வாங்கினேன். நான் சொந்தமாக வாங்கிய முதல் புத்தகம் அது. அவருக்குத் தெரிந்ததா, இல்லையா? அப்பாவிடம் சொன்னாரா? அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கல்லாவை விட்டுப் போகிறேன் என்றபோதுகூட, "போ. ஆனா எங்கே போனாலும் கணக்கைச் சரியா வை" என்று மட்டும் சொன்னார். அது மண்டிக்காரர் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான்.

"என்ன மாமா, தூக்கமா?" என்றான் மருமகன்.

"இல்லை. உன் ஆட்டத்தைச் சொல்லு."

சொன்னான். அவன் ஆடும் 'ஸ்கைரிம்', 1994-ல் தொடங்கிய 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வரிசையில் வந்தது. இந்த வரிசையில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு: எதைச் செய்கிறோமோ அதில்தான் தேறுவோம். வாள் வீசினால் வாள், பேரம் பேசினால் பேரம். ஆரம்பத்தில் வீரன், மந்திரவாதி, திருடன் என்று மூன்று நடுகற்கள் நிற்கின்றன. ஒன்றைத் தொட்டுக்கொள்ளலாம், மனம் மாறினால் வேறொன்றைத் தொடலாம். இவன் பத்துத் தடவைக்குமேல் புதிதாக ஆரம்பித்திருக்கிறான். இந்தத் தடவை மந்திரவாதி என்று சங்கல்பம் செய்துகொண்டு தொடங்குவான். நாலு நாளில் பார்த்தால் கையில் வில்லோடு இருட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பான். மறைந்திருந்து விடுகிற அம்புக்கு அந்த உலகத்தில் பல மடங்கு வலு. உலகம் முழுவதும் இப்படித்தானாம். எந்த வேஷத்தில் தொடங்கினாலும் எல்லோரும் மறைந்து அம்பு விடுகிறவனாகவே முடிகிறார்கள் என்று ஒரு கேலியே உண்டாம்.

மறைந்திருந்து அம்பு! ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் ராமாயணம் அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் இருக்கிறது. அன்று காலையில்கூட அதன் பக்கமாகத்தான் வந்தோம். வாலி கேட்ட கேள்விக்கு நம் பண்டிதர்கள் இத்தனை நூற்றாண்டாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. "நீ ஏன் அப்படிச் செய்கிறாய்?" என்று இவனைக் கேட்டேன்.

"அதுதான் மாமா லேசு. எதிரே போய் நின்னா அடி வாங்கணும்" என்றான்.

எனக்கு 'ஸ்கைரி'மிடம் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அதே வரிசையில் 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' என்ற ஆட்டத்தில் மூன்று பெரிய குலங்கள். ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் மூடிவிடும். கதைக்கு அத்தியாவசியமான ஆளைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது என்று அறிவிப்பு வரும். விருப்பமானால் அந்தப் பாழ்பட்ட உலகத்திலேயே மேலும் உலாவலாம். 'ஸ்கைரி'மிலோ முக்கியமான மனிதர்கள் சாவதில்லை. அடித்தால் மண்டியிட்டு, மூச்சு வாங்கி, எழுந்துவிடுவார்கள். வீரர்கள் கூட்டத்துக்கும், மந்திரக் கலாசாலைக்கும், திருடர் சங்கத்துக்கும், கொலைகாரர் சங்கத்துக்கும் ஒரே ஆசாமி தலைவராகலாம். எதையும் விடவேண்டாம் என்றால் எதையும் எடுக்கவும் இல்லைதானே? மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பழைய ஆட்டத்திலே ஒரு தப்புப் பண்ணினா நாப்பது மணி நேரம் வீண். அது மட்டும் நல்லதா?" என்றான். அவன் குரலில் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவோ இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

எடுக்கவே மறுத்தவர்களும் உண்டு. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' லட்சக்கணக்கானவர்கள் கூடி ஆடுகிற யுத்தம்; இரண்டு கட்சி. 2012-ல் புதிதாக ஓர் இனத்தைச் சேர்த்தார்கள். அவர்கள் ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில் வாழ்கிறவர்கள். கொஞ்ச நேரம் பழகிவிட்டு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து கீழே இறங்கவேண்டும். ஒருவர் இறங்கவில்லை. ஆமையின் முதுகிலேயே தங்கி, பூப் பறித்தும் கனிமம் தோண்டியும், யாரையும் அடிக்காமல், அன்றைய உச்சநிலையான 90-ஆம் படி வரை போய்ச் சேர்ந்தார். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் மாலை கட்டுகிறவர்களிடம் சொன்னால் இதில் என்ன அதிசயம் என்பார்கள். நம் நாட்டிலும் 2014-ல் 'அன்ரெஸ்ட்' என்று ஓர் ஆட்டம் வந்தது. பழைய இந்தியாவைப் போன்ற கற்பனை நாடு. பஞ்சத்தில் அடிபட்ட ஊர். அதில் நமக்குக் கிடைப்பது சாதாரண ஜனங்களின் வேஷம். ஒன்று, வீட்டார் பார்த்த கல்யாணத்துக்குத் தலை ஆட்டுவதா என்று தவிக்கிற குடியானவப் பெண். அவளுக்கு எந்த நடுகல்லும் இல்லை.

மணி மூன்று இருக்கும். கீழே லாரி வந்து நின்றது. அத்தானின் குரல் கேட்டது. தார்களை இறக்கித் தரையில் வைக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. சத்தம் நின்றதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நூத்திப் பதினாலு. ரெண்டு தார் அடிபட்டிருக்கு" என்றான் மருமகன். சற்றுப் பொறுத்து அத்தான் கீழே அதே எண்ணைக் கூவினார். இவனுக்குத் தான் சொன்னதே தெரியவில்லை.

விடிந்தால் துவாதசி, பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். இருவரும் இறங்கிப் போனோம். மார்க்கெட்டில் அன்று எங்கு பார்த்தாலும் அகத்திதான். கட்டுக் கட்டாக மலைபோல. நான் பேரம் பேசினேன். அவன் பேசாமல் நாலு கட்டை எடுத்தான், அந்த அம்மாள் தானாகவே ஐந்தாவதை வைத்தாள். நெல்லிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். 'பேசினாயா?' என்று கேட்கிற பார்வை. கீரையை நீட்டினேன்.

மாடி அறையில் அவன் அந்தப் பழைய 'அல்டிமா'வைத் தேடி இறக்கி வைத்திருந்தான். மங்கலான சின்னச் சின்னப் படங்கள். "நீங்க ஆடுங்க மாமா" என்று நாற்காலியை விட்டு எழுந்தான். குறிகாரி கேட்டாள், சொன்னேன், பாணன் என்று தீர்ப்பாயிற்று. ஊருக்குள் வழி தப்பி அலைந்து, கடைசியில் ஒரு மூலிகைக் கடையைக் கண்டுபிடித்தோம். பூண்டு கேட்டேன். கடைக்காரி விலையைச் சொன்னாள். எவ்வளவு தருகிறாய் என்று கேட்டுவிட்டுத் திரை சும்மா இருந்தது.

"என்ன விலை சொன்னாள்?" என்றேன்.

"அங்கேயே போட்டிருக்கே மாமா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.